ராஜ்மாவும் ரெண்டு பொத்தானும்

நம்ம வீடுகள்ல ராஜ்மாவுக்குக் கணக்கு விசில்தான். ராத்திரி ஊறப்போட்டு, காலையில நாலஞ்சு விசில் விட்டா முடிஞ்சது. எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கினவங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது விசிலே அடிக்காது. முன்னாடி வரிசையா பொத்தான்கள் இருக்கும். பிரஷர்ல வேக வைக்க ஒண்ணு, பல மாடல்கள்ல ‘ஸ்லோ குக்’னு இன்னொண்ணு. இந்த ரெண்டு பொத்தானும் வேற வேற வரலாற்றிலிருந்து வந்தவை. சிவப்பு ராஜ்மாவைப் போட்டுட்டு தப்பான பொத்தானை அமுக்கினா, அன்னிக்கு ராத்திரி வாந்தி, பேதிதான்.

முதல் கதை லண்டன்ல, 1679-ல தொடங்குது. டெனி பாப்பின் பிரெஞ்சுக்காரர், படிச்சது மருத்துவம். ராபர்ட் பாயிலோட உதவியாளரா வேலை பார்த்தவர். நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அதே பாயில் விதி பாயில்தான். பாப்பின் செஞ்சது இறுக்கமா மூடக்கூடிய ஒரு கனமான உலோகப் பானை. பேரு டைஜெஸ்டர். அவர் நோக்கம் பருப்பு வேக வைக்கிறது இல்லை, எலும்பை மெத்துன்னு ஆக்குறது. தூக்கிப்போடுற எலும்பு ஏழைகளுக்கு உணவாகும்னு நம்பினார்.

தண்ணி சாதாரணமா 100 டிகிரி செல்சியஸ்ல கொதிக்கும். ஆவியை அடைச்சு வெச்சா அழுத்தம் கூடும், கூடவே கொதிநிலையும் ஏறும். அழுத்தம் எல்லை மீறினா பானை வெடிக்கும். அதனால ஒரு நெம்புகோல்ல எடை தொங்கவிட்டு, ஆவி அளவுக்கு மீறினா தானே திறந்துக்கிற வால்வையும் பாப்பின் சேர்த்தார். நம்ம குக்கர் மூடிமேல உட்கார்ந்து கத்துற வெயிட்டுக்கு அதுதான் மூதாதை. 1682 ஏப்ரல் 12-ஆம் தேதி ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு இந்தப் பானையில சமைச்சு விருந்தே போட்டார். ஜான் ஈவ்லின் சாப்பிட்டுட்டு வந்து டைரியில எழுதி வெச்சிருக்கார். இவ்வளவு செஞ்ச மனுஷன் கடைசிக் காலத்துல லண்டன்ல வறுமையில காணாமப் போனார்.

ரெண்டாவது கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யூதர்களுக்கு சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு பத்த வைக்கக் கூடாது. லித்துவேனியாவோட வில்னா பக்கம், வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீன்ஸ், இறைச்சி எல்லாம் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்புல கொண்டுபோய் வெச்சிடுவாங்க. ராத்திரி முழுக்க அந்தச் சூட்டுலேயே வேகும். அந்தக் குழம்புக்கு சோலன்ட்னு பேரு. அம்மா சொன்ன இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நாக்ஸன். மின்சாரத்துல அதே மாதிரி மெதுவா வேக வைக்கிற பானைக்கு 1936-ல விண்ணப்பிச்சு, 1940-ல காப்புரிமை வாங்கினார். அவர் விற்ற பானைக்குப் பேரு ‘நாக்ஸன் பீனரி’. பேர்லயே பீன்ஸ் இருக்கு பாருங்க! 1970-ல ரைவல் கம்பெனி அதை வாங்கி, அடுத்த வருஷம் கிராக்-பாட்னு பேர் மாத்தி இறக்கினாங்க. அமெரிக்க வீடுகள்ல பெரிய வெற்றி.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான் தெரிய வந்துச்சு. சிவப்பு ராஜ்மாவுல ஃபைட்டோஹீமாக்ளூட்டினின்னு ஒரு புரதம் நிறைய இருக்கு. பச்சையா நாலஞ்சு கொட்டை தின்னாலே போதும், சில மணி நேரத்துல குடலைப் புரட்டி எடுக்கும். 1980-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லா கொதிச்சா இந்தப் புரதம் அழிஞ்சிடும். ஆனா சுமார் 80 டிகிரியில மட்டும் சூடாக்கினா விஷத்தன்மை பச்சைக் கொட்டையைவிட அஞ்சு மடங்கு வரைகூட ஏறலாம். ஸ்லோ குக்கர்ல சமைச்ச உணவுகளை அளந்து பார்த்தப்போ பல நேரம் உள்சூடு 75 டிகிரியைத் தாண்டலை. கொட்டை மெத்துன்னு ஆகியிருக்கும், விஷம் போயிருக்காது. நசுக்கிப் பார்த்து ‘வெந்துடுச்சு’ன்னு சொல்ற நம்ம பழக்கம் இங்க ஏமாத்திடும்.

ரெண்டு கதையும் ஒரே பானைக்குள்ள வந்தது நம்ம காலத்துல. 1991-ல யோங்-குவாங் வாங்கிற சீன விஞ்ஞானி எலெக்ட்ரிக் பிரஷர் குக்கருக்குக் காப்புரிமை கேட்டார். 2010-ல கனடாவுல ராபர்ட் வாங், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல டாக்டர் பட்டம் வாங்கினவர், இன்ஸ்டன்ட் பாட்டைக் கொண்டு வந்தார். சென்சாரும் மைக்ரோபிராசஸரும் அழுத்தத்தைப் பார்த்துக்கும், வெயிட் கத்த வேண்டியதில்லை. பிரஷர்ல வெச்சா உள்ளே 115 டிகிரியை ஒட்டிப் போகும். ஸ்லோ குக்ல வெச்சா அதே பானை நாக்ஸனோட பீனரி மாதிரி ஆயிடும். கோட் எழுதுறவனா எனக்கு இது உறுத்துது. உள்ளே என்ன கொட்டை இருக்குன்னு அந்த மிஷினுக்குத் தெரியாது, அதனால எச்சரிக்கவும் செய்யாது.

அதனால காய்ந்த சிவப்பு ராஜ்மான்னா குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வைங்க. ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணி ஊத்தி பிரஷர்லயே வேக வைங்க. மெதுவா வெந்த ருசிதான் வேணும்னா, முதல்ல தனிப் பாத்திரத்துல தளதளன்னு கொதிக்க விடுங்க. 10 நிமிஷத்துல அந்தப் புரதம் அழிஞ்சிடும், ஆனா அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிஷம்னு சொல்லுது. அப்புறம் ஸ்லோ குக்கை அமுக்கலாம். டின்ல வர்ற ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதை எந்தப் பொத்தான்ல வேணும்னாலும் போடுங்க.