90 சென்டிமீட்டர் பிறந்த கதை

பினாங்கில் கிளினிக்குக்குப் போகும்போது தாதி வயிற்றைச் சுற்றி அளவு நாடாவை இழுத்துப் பார்க்கிறார் என்றால் அவர் மனத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால் வயிற்றுப் பருமன். காலங்காலமாக இருந்துவரும் கணக்கு போலத் தோன்றும். ஆனால் ஆசிய மக்களுக்கென்று இந்த இரண்டு எண்களும் ஏட்டில் ஏறியது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் மருத்துவர்கள் நம்பியிருந்தது 102, 88. அது 1995இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மக்களை அளந்து எடுத்த கணக்கு. அவர்கள் உடம்புக்குத் தைத்த சட்டையை நமக்கு மாட்டிப் பார்த்து, "தொளதொளவென்றுதானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கதையின் வேர் 1947இல் பிரான்சின் மார்செய் நகரில் இருக்கிறது. ழான் வாக் என்ற மருத்துவர், எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு என்பதுதான் முக்கியம் என்று எழுதினார். தொடையிலும் இடுப்பிலும் சதை போட்டவர்களைவிட மேலுடம்பில் போட்டவர்களுக்குத்தான் நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் அதிகம் வருவதை அவர் கவனித்திருந்தார். பல்லாண்டு காலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1980களில் சுவீடனில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. ஜப்பானின் ஒசாகாவில் சி.டி. ஸ்கேன் எடுத்து, குடலைச் சுற்றி அப்பிக்கிடக்கும் கொழுப்பைக் கண்ணுக்கு முன் காட்டினார்கள்.

வயிற்றில் இரண்டு கொழுப்பு உண்டு. விரலால் கிள்ளினால் மடிப்பாகக் கையில் வருவது தோலுக்கடியில் இருப்பது. மற்றது கிள்ள முடியாதது. தசைச் சுவருக்கு உள்ளே, குடலோடு குடலாக இருப்பது. அதிலிருந்து கரையும் கொழுப்பு அமிலத்தில் ஒரு பங்கு நேரே கல்லீரலுக்குப் போய் இறங்குகிறது. கல்லீரல் கொழுத்துப்போனால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்காது. சர்க்கரை ஏறும்.

நம் ஆட்களின் பக்கம் பார்வை திரும்பியது 1991இல். லண்டனுக்கு மேற்கே, இந்தியர் நிறைய வாழும் சவுத்தால் பகுதியில் பால் மெக்கீக் குழுவினர் 3,754 பேரை ஆராய்ந்தார்கள். தெற்காசியரில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கு நீரிழிவு; ஐரோப்பியரில் நான்கு பேருக்குத்தான். மொத்த எடையை வைத்து இதை விளக்க முடியவில்லை. வயிற்றைப் பார்த்தபோதுதான் விளங்கியது. பிறகு சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று இனத்தாரையும் அளந்து, ஒரே உயரம் ஒரே எடை என்றாலும் ஐரோப்பியரைவிட இவர்கள் உடம்பில் கொழுப்பு அதிகம், அதிலும் இந்தியர்களுக்குத்தான் மிக அதிகம் என்று கண்டார்கள். சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே காலத்தில் ஒரே ஆட்சியின் கீழிருந்த துறைமுகங்கள். அங்கே அளந்த இடுப்பு நம் பெரியப்பா வீட்டு இடுப்புதான்.

இந்தச் சான்றுகள் சேர்ந்துதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் அலுவலகத்தை அசைத்தன. 2000இல் வந்த அதன் வெளியீடு 90, 80 என்று வரைந்தது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டிலும் 25 அல்ல, 23 தொட்டாலே எச்சரிக்கை என்றது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் 2004 ஜனவரியில் வந்த 'லான்செட்' இதழ். ஆசியர்களுக்கு எந்த எடை சரி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் எழுதிய கட்டுரை 163ஆம் பக்கத்தில் முடிகிறது. அதே பக்கத்தில் ஒரு புகைப்படம். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் எடைக் குறியீடு 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடம்பில் 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்கள். "ஆள் ஒல்லிதானே, இவருக்கு எப்படி இனிப்பு நீர் வந்தது?" என்று நம் வீடுகளில் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு படம் போதும்.

யாக்னிக் இன்னும் பின்னால் போய்ப் பிறந்த குழந்தைகளையே அளந்தார். புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. தலை, வயிறு, தசை எல்லாம் நம் குழந்தைகளுக்குச் சிறிது. முதுகில் தோள்பட்டைக்குக் கீழே உள்ள கொழுப்பு மடிப்பு மட்டும் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. கருவிலேயே தொடங்கிவிடுகிற சங்கதி இது. தொப்பை உள்ளவரைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று மட்டும் சொல்வது அநியாயம்.

அநியாயம் இன்னொரு பக்கமும் நடக்கிறது. மெலிவு நிலையங்களின் விளம்பரங்கள் பேசுவதெல்லாம் கிள்ளி எடுக்கும் கொழுப்பைப் பற்றித்தான். குளிர்க் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு மட்டும் அழிந்ததை 1970இல் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த நூலைப் பிடித்துத்தான் குளிரவைத்துக் கொழுப்பை அழிக்கும் கருவி பாஸ்டனில் உருவாகி, 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடுப்பு மடிப்பு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அந்தக் குளிர் குடலைச் சுற்றிய கொழுப்பை எட்டாது. உறிஞ்சி எடுத்தாலும் அப்படித்தான். 2004இல் அமெரிக்காவில் பருமனான 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் பத்துக் கிலோ கொழுப்பை அறுவை மூலம் எடுத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதம், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு அளவு எதிலும் முன்னேற்றமில்லை.

பிடிவாதமாக உட்கார்ந்திருப்பது கிள்ள வரும் கொழுப்புதான். அபாயமான உள்கொழுப்போ நடையைக் கூட்டி, சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் இளகும். சென்னையில் ஏ. இராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சீனியும் எண்ணெயும் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 பேருக்கு. எடை பெரிதாக இறங்கவில்லை, நோய் குறைந்தது. பினாங்கின் தண்ணீர்மலையில் காலையில் நடக்கிறவர்கள் தராசைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முருகன் கோயிலின் 513 படியும் அதே ஊரில் காசில்லாமல் கிடைக்கிறது. நாசி கண்டார் கடையில் சோறு மூழ்க ஊற்றும் குழம்பைப் பாதியாக்கச் சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

அளப்பதில் ஒரு சங்கதி. பேண்ட் அளவை நம்பக்கூடாது. தொப்பை வளர வளர நாம் பேண்ட்டைக் கீழே இறக்கிக் கட்டுகிறோம், 34 கடைசிவரை 34ஆகவே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளக்க வேண்டும்.

மலேசியக் கிளினிக்குகளில் எல்லா இனத்து ஆணுக்கும் 90தான். ஆனால் சென்னையில் சி. ஸ்நேகலதா, விஜய் விஸ்வநாதன், இராமச்சந்திரன் மூவரும் ஆறு இந்திய நகரங்களின் 10,025 பேர் கணக்கை எடுத்து 2003இல் சொன்ன எண் 85. வி. மோகன் குழு 2007இல் சொன்னது 87. கிளாஸ்கோ அளவிலிருந்து இறங்கி வந்த 90, நம் இடுப்புக்கு இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டியிருக்கிறது. தமிழ் ஆண்களுக்கு நாடாவில் 85இல் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்வேன். அங்குலக் கணக்கில் முப்பத்து மூன்றரை.