உயர்திறனாளர் விசா (பிரிட்டன்)

வெளிநாட்டு முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அண்மையில் பட்டம் பெற்றவர்கள் பிரிட்டனில் தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி இது. ஆங்கிலத்தில் ‘ஹை பொட்டன்ஷியல் இண்டிவிஜுவல்’ விசா, சுருக்கமாக எச்.பி.ஐ. 2022 மே 30 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை கிடைத்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பான்சர் செய்ய நிறுவனமும் தேவையில்லை. இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகள் 2 ஆண்டும், முனைவர் பட்டம் பெற்றவர்கள் 3 ஆண்டும் தங்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், படித்த இளைஞர்களை உலகெங்கிலுமிருந்து ஈர்க்க பிரிட்டன் வகுத்த வழிகளில் இதுவும் ஒன்று.

யார் தகுதியானவர் என்பதைத் தீர்மானிப்பது ஒரு பட்டியல். டைம்ஸ் உயர்கல்வி, க்யூஎஸ், ஷாங்காய் ஆகிய மூன்று தரவரிசைகளில் குறைந்தது இரண்டில் முதல் 50 இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகங்களே தொடக்கத்தில் அதில் சேர்ந்தன. 2025 நவம்பரில் இந்த வரம்பு 100 இடங்களாகத் தளர்த்தப்பட்டது. கூடவே, ஆண்டுக்கு 8,000 விண்ணப்பங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு இதில் இடமில்லை. அங்கே படித்து முடித்தவர்களுக்கு கிராஜுவேட் விசா தனியாக இருக்கிறது.

விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் நவம்பர் 1 முதல் மறு ஆண்டு அக்டோபர் 31 வரை என்று கணக்கிடப்படுகிறது. பட்டம் வழங்கப்பட்ட தேதி எந்த ஆண்டுக் கணக்கில் விழுகிறதோ, அந்த ஆண்டின் பட்டியலில் பல்கலைக்கழகம் இருந்தாக வேண்டும். ஜூலையில் தேர்வெழுதி முடித்தவருக்குப் பட்டம் நவம்பரில் வழங்கப்பட்டால் அடுத்த ஆண்டுப் பட்டியலே பொருந்தும். தரவரிசையில் ஏறி இறங்கும் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு இந்தச் சில மாதங்கள் பெரிய விஷயம்.

முதல் பட்டியலில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. கண்டனம் எழுந்ததில் வியப்பில்லை. ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள்களும் கல்வியாளர்களிடையே உள்ள பெயரும்தான் இத்தரவரிசைகளில் அதிகம் எடைபோடப்படுகின்றன. வகுப்பறையில் நன்றாகக் கற்றுத்தரும் கல்லூரி இதனால் மேலே வந்துவிடாது. விண்ணப்பிப்பவரின் மதிப்பெண்ணையும் யாரும் கேட்பதில்லை. சென்னை ஐஐடியில் முதலிடம் பெற்றவரால் அந்தப் பட்டத்தை வைத்து நுழைய முடியவில்லை. அவரே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்திருந்தால் கதவு திறந்திருக்கும். ஒருவரின் திறனை அவர் படித்த இடத்தின் பெயரால் அளப்பது நியாயமான அளவுகோல் அல்ல.

பட்டத்தை எக்டிஸ் என்ற அமைப்பு சரிபார்க்கும். ஆங்கிலத் தேர்ச்சியும், தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் 1,270 பவுண்டும் காட்ட வேண்டும். விசாக் கட்டணத்தோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் சேரும்போது, குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் செலவு பல மடங்காகும்.

ஹாங்காங் 2022 டிசம்பரிலும், ஜப்பான் ‘ஜே-ஃபைண்ட்’ என்ற பெயரில் 2023 ஏப்ரலிலும் தரவரிசையை நம்பிய இத்தகைய திட்டங்களைத் தொடங்கின.

எச்.பி.ஐ. பெற்றவர் சொந்தத் தொழில் செய்யலாம், வேலை மாறலாம். தொழில்முறை விளையாட்டு வீரராக மட்டும் முடியாது. விசாவை நீட்டிக்கவும் வழியில்லை. அங்கேயே தொடர விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் காலம் முடிவதற்குள் ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தைக் கண்டுபிடித்து ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அந்த வழியில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான ஆண்டுக் கணக்கில் எச்.பி.ஐ. காலம் சேராது.