ஷல் (ஆங்கிலத் துணைவினை)

ஷல் என்பது ஆங்கில மொழியில் வழங்கும் துணைவினைச்சொற்களுள் ஒன்றாகும். எதிர்காலம், கட்டாயம் ஆகிய இரண்டையும் உணர்த்த இது பயன்படுகிறது. அன்றாடப் பேச்சில் இதன் வழக்கு குறைந்துவிட்டது. எனினும், சட்டங்களிலும் தொழில்நுட்பச் சீர்தரங்களிலும் இன்றும் காணப்படுகிறது. அங்கு இதனை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைப் பொறுத்து ஒருவரது உரிமையே மாறக்கூடும்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல் 'கடன்பட்டிருத்தல்' என்று பொருள்பட்டது. அதிலிருந்து கடமைப் பொருளும், பின்னர் எதிர்காலப் பொருளும் கிளைத்தன. தமிழில் 'கடன்' என்னும் சொல் கடமையையும் குறிப்பது ஒப்புநோக்கத்தக்கது. செருமன் மொழியின் 'சோலன்' இதன் இனச்சொல். 'ஷுட்' இதன் இறந்தகால வடிவமாகத் தோன்றியது.

பொதுப் பயன்பாடு

தன்மையில் 'ஷல்', முன்னிலையிலும் படர்க்கையிலும் 'வில்' வந்தால் வெறும் எதிர்காலம் என்றும், இடம் மாறி வந்தால் வாக்குறுதி அல்லது அச்சுறுத்தல் என்றும் ஜான் வாலிஸ் 1653 இல் வெளியிட்ட இலக்கண நூலில் விதித்தார். தற்காலத்தில் இவ்விதியைப் பலர் பின்பற்றுவதில்லை. 'ஷல் வி கோ?' (நாம் போகலாமா?) போன்ற வினாக்களில் இச்சொல் நிலைத்துள்ளது.

சட்டத்தில்

சட்டத்தில் இது பொதுவாகக் கட்டாயத்தைக் குறிக்கும். ஆயினும் எப்போதும் அன்று. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என இந்திய அரசியலமைப்பின் 320(3) ஆம் உறுப்பு 'ஷல்' என்னும் சொல்லால் கூறுகிறது. உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவரது வழக்கில், அவ்வாறு கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என உச்ச நீதிமன்றம் 1957 இல் தீர்ப்பளித்தது. இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007 இல் திருத்தி எழுதப்பட்டபோது, பெரும்பாலான இடங்களில் 'மஸ்ட்' போன்ற சொற்கள் இடப்பட்டன.

தொழில்நுட்பச் சீர்தரங்களில்

இணைய நெறிமுறை ஆவணங்களுக்கான ஆர்எஃப்சி 2119 (1997), 'ஷல்', 'மஸ்ட்' இரண்டையும் ஒரே பொருளில் வரையறுக்கிறது. 2017 இல் வெளியான ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டால் மட்டுமே இவ்வரையறை பொருந்தும் எனத் தெளிவுபடுத்தியது. பன்னாட்டுச் சீர்தர நிறுவனமோ (ஐஎஸ்ஓ) தேவைகளைக் குறிக்க 'ஷல்' மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும், அதற்கு மாற்றாக 'மஸ்ட்' கூடாது என்கிறது.

தமிழாக்கம்

சட்டத் தமிழில் 'ஷல்' என்பது 'செய்தல் வேண்டும்' எனவும், விருப்புரிமையைக் குறிக்கும் 'மே' என்பது 'செய்யலாம்' எனவும் பெயர்க்கப்படுகின்றன. வினா வாக்கியங்களில் 'ஷல்' என்பதற்கே 'லாமா' ஈறு பொருந்தும். எனவே, ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் இடாமல், சூழலறிந்து பெயர்ப்பதே முறையாகும்.