சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் (அமெரிக்கா)

சமயச் சுதந்திர மீட்புச் சட்டம், ஒருவரது சமய வழக்கத்தில் அரசு தலையிடுவதற்கு வரம்பு கட்டிய அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். உச்ச நீதிமன்றம் 1990-இல் கைகழுவிய ஓர் அளவுகோலை மறுபடி நிலைநாட்டவே 1993-இல் இது இயற்றப்பட்டது.

ஓரிகான் மாநிலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகர்களாக இருந்த ஆல்பிரட் ஸ்மித், கேலன் பிளாக் இருவரும், அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்னும் கள்ளியை உட்கொண்டனர். சபையாருக்கு அது புனிதமானது. மாநிலச் சட்டத்துக்கோ தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். வேலை போயிற்று, வேலையிழந்தோருக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எந்த மதத்தையும் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சட்டத்திலிருந்து, சமயத்தைக் காரணம் காட்டி விலக்குக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா தீர்ப்பெழுதினார். சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1963-இல் அதே நீதிமன்றம் அளித்திருந்த பாதுகாப்பு இதனால் பெரிதும் நீர்த்துப்போனது.

மற்ற விஷயங்களில் எலியும் பூனையுமாக இருந்த குடிமை உரிமை அமைப்புகளும் சுவிசேஷக் கிறிஸ்தவ அமைப்புகளும் இத்தீர்ப்பை எதிர்த்து ஓரணியில் நின்றன. செனட்டில் 97-3 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேற, 1993 நவம்பர் 16 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார். சமய வழக்கத்துக்குக் கணிசமான இடையூறு நேர்ந்தால், தவிர்க்க முடியாத பொதுநலக் காரணம் உண்டென்றும், அதை நிறைவேற்ற இதைவிடக் குறைந்த இடையூறுள்ள வழி இல்லையென்றும் அரசுதான் மெய்ப்பிக்க வேண்டும். சட்டத்தின் உயிர்நாடி இதுவே.

மாநிலங்களின் மீது இதன் பிடி நான்காண்டுகூட நீடிக்கவில்லை. டெக்சாஸின் பெர்னி நகரில், சுமார் 230 பேர் மட்டுமே அமரக்கூடிய தேவாலயத்தை விரிவாக்க அனுமதி கேட்டார் பேராயர் பேட்ரிக் ஃபுளோரஸ். கட்டடம் பாரம்பரியப் பகுதியில் வருகிறது என்று நகராட்சி மறுக்கவே, பேராயர் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். மாநிலங்களையும் இச்சட்டத்துக்கு உட்படுத்தியதில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தன் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டதாக 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியதால், இன்று இச்சட்டம் கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பல மாநிலங்கள் தமக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டன. வழிபாட்டுத் தலங்களின் நிலப் பயன்பாடு, சிறைக்கைதிகளின் வழிபாடு இரண்டையும் காக்க 2000-இல் இன்னொரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அரை அங்குலத் தாடி வளர்க்கும் உரிமையை ஆர்கன்சாஸ் சிறையிலிருந்த முஸ்லிம் கைதி ஒருவர் 2015-இல் பெற்றது அதன்கீழ்தான்.

பின்னாளில் இச்சட்டம் போன திசை, அதை ஆதரித்தோர் பலர் எண்ணியிராதது. 2014-இல் ஹாபி லாபி என்ற கைவினைப்பொருள் கடைத்தொடர், உரிமையாளர்களின் கிறிஸ்தவ நம்பிக்கையை முன்வைத்து, ஊழியர் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளுக்குப் பணம் தர மறுத்து, உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் வென்றது. ஒரு நிறுவனமும் இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம் என்பது அத்தீர்ப்பின் விளைவு. முன்பு ஓரணியில் நின்றவர்கள் இதில் பிரிந்தனர்.

பூர்வகுடிகளின் வழக்கால் பிறந்த சட்டம் அவர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை என்பதே இதன் வரலாற்றில் உறுத்தும் பகுதி. பெயோட்டி வழிபாட்டைக் காக்க 1994-இல் காங்கிரஸ் தனியே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அரிசோனாவில் அப்பாச்சி மக்கள் சடங்குகள் நடத்தும் ஓக் ஃபிளாட் நிலத்தைத் தாமிரச் சுரங்கத்துக்குக் கைமாற்றுவதை எதிர்த்த வழக்கில், அரசு தன் சொந்த நிலத்தைக் கைமாற்றுவது சட்டம் சொல்லும் இடையூறு ஆகாது என 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-5 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. நீதிபதி நீல் கோர்சச் அதில் மாறுபட்டு எழுதினார்.