ஃப்ராய்டின் நாயும் ஆறு மாதக் காவலும்

கடல் கடந்து குடிபெயர்கிறவர் வீட்டை விற்றுவிடலாம்; தட்டுமுட்டுச் சாமான்களை உறவினருக்கும் நூல்களை நண்பர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடலாம். நாயை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் கடைசி நாள்வரை வாசலிலேயே படுத்துக் கிடக்கும். புலம்பெயர்வைப் பற்றிய வரலாற்று நூல்களில் இந்தக் கேள்விக்கு இடம் கிடைப்பது அரிது. விரிவான பதிவுகள் எஞ்சியிருக்கும் ஒரு நிகழ்வை இங்கே பார்ப்போம். 1938-இல் வியன்னாவை விட்டு வெளியேறிய சிக்மண்ட் ஃப்ராய்டும், லூன் என்ற அவருடைய சௌ-சௌ இன நாயும் பற்றியது அது.

ஃப்ராய்டுக்கு நாய்களின்மேல் பற்று வந்தது முதுமையில்தான். 1925-இல் மகள் அன்னாவுக்காக 'வுல்ஃப்' என்ற அல்சேஷன் வீட்டுக்கு வந்தது. 1928-இல் குடும்ப நண்பரான டோரதி பர்லிங்ஹாம் ஒரு சௌ-சௌவைப் பரிசளித்தார். அடுத்த ஆண்டே அது சால்ஸ்பர்க்கில் பயணத்தின்போது தப்பியோடி ரயிலில் அடிபட்டு இறந்தது. 1930-இல் வந்த யோஃபிதான் அவருடைய பெருஞ்செல்லம். சிகிச்சை நடக்கும்போதும் அவருடைய அறையிலேயே படுத்திருக்கும். ஒரு மணி நேரம் முடிந்ததை அது எழுந்து நின்றே அறிவித்துவிடும் என்று மகன் மார்ட்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

லூனின் கதை இதற்கிடையில் வருகிறது. லூனும் அந்த வீட்டு நாயே. ஆனால் யோஃபிக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. ஒரே மனிதரின் அன்புக்கு இரண்டு நாய்கள் போட்டியிட, ஒன்றை அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. லூன் பர்லிங்ஹாமின் பொறுப்பில் விடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1937 ஜனவரியில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் யோஃபி இறந்தது. நாயில்லாமல் இருக்க முடியாத கிழவர் உடனே லூனைத் திருப்பி அழைத்துக்கொண்டார். ஆக, ஒருமுறை பிறரிடம் ஒப்படைக்கப்பட்டு மீண்டு வந்த நாய் அது. அதை இரண்டாம் முறையும் விட்டுவிட்டுப் போக ஃப்ராய்டுக்கு மனம் வராததில் நமக்கு வியப்பில்லை.

1938 மார்ச் 12 அன்று ஜெர்மானியப் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. சில நாள்களில் வீடு சோதனையிடப்பட்டது. அன்னாவை கெஸ்டபோ விசாரணைக்குக் கொண்டுபோனது. வெளியேறும் அனுமதிக்காகக் காத்திருந்த அந்த வாரங்களில் ஃப்ராய்டும் அன்னாவும் செய்த வேலை, மேரி போனபார்ட் தம் நாய் 'டாப்ஸி'யைப் பற்றி எழுதிய நூலை ஜெர்மனில் பெயர்த்தது. டாப்ஸிக்கு வாயில் புற்றுக்கட்டி, கதிர்வீச்சில் குணமடைந்தது. பெயர்த்தவருக்கோ 1923 முதல் தாடையில் புற்று. நகரம் கைவிட்டுப்போன நேரத்தில் ஒரு நாய் பிழைத்த கதையை எண்பத்திரண்டு வயதுக்காரர் வரிவரியாக மொழிபெயர்த்தார் என்பது, உளப்பகுப்பாய்வாளர் எவரும் இல்லாமலே நமக்குப் புரிகிறது.

ஜூன் 4 அன்று மனைவி, மகள், பணிப்பெண், ஒரு மருத்துவர் ஆகியோருடன் லூனும் ரயிலேறியது. பாரிஸில் ஒரு நாள் தங்கி, ஜூன் 6 அன்று இங்கிலாந்து சேர்ந்தார்கள். மனிதர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. நாயை டோவரில் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஆறு மாதம் தனிமைக் காவலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கடும் கட்டுப்பாடுகளால் 1902-க்குள் வெறிநாய்க்கடி நோயை ஒழித்த நாடு அது. முதல் உலகப் போர் முடிந்தபோது வீரர்கள் மறைத்துக் கொண்டுவந்த நாய்களால் 1918-இல் நோய் திரும்பி வந்தது. 1922-இல் மீண்டும் ஒழிந்தது. அந்நோய்க்கு இன்னும் உயிர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இருப்பவர்கள் நாம், சிரிக்க உரிமையில்லை. 2000 பிப்ரவரி 28 அன்றுதான் சில நாடுகளின் நாய்களுக்கு இவ்விதி தளர்ந்தது. இந்தியா போன்ற நாடுகளின் நாய்களுக்கு 2012-இல்.

ஆனால் காவலின் செலவு உரிமையாளர் தலையில். ஃப்ராய்டுக்கு வரி கட்ட ஓர் இளவரசி இருந்தார், அனுமதி வாங்கித்தர அமைச்சரை அணுகக்கூடிய சீடர் இருந்தார். பெயரில்லாத அகதிக்கு இவை ஏது? நாய்க் கூலி கொடுப்பது இருக்கட்டும், தன் பிழைப்புக்கே வழி தேடியாக வேண்டியவர் அவர்.

லண்டன் சேர்ந்த சில நாள்களிலேயே ஃப்ராய்டு லாட்புரோக் குரோவில் இருந்த காவற்கூடத்துக்குப் போய் லூனைப் பார்த்தார். இடைக்காலத்துக்கென்று வீட்டில் ஜம்போ என்ற பீக்கினீஸ் குட்டி வாங்கினார்கள். அது சோறு போட்ட பணிப்பெண்ணிடமே ஒட்டிக்கொண்டது. டிசம்பரில் லூன் வீடு வந்தது.

இங்கே நிறுத்தினால் இது இனிய கதை. நிறுத்த முடியவில்லை. ஃப்ராய்டின் நான்கு தங்கைகள், எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள், வியன்னாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களை பிரான்சுக்கு அழைத்துக்கொள்ள மேரி போனபார்ட் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1942-இல் நால்வரும் தெரேசியென்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவரும் உயிருடன் திரும்பவில்லை. நாயைக் கூட்டிப்போனவர் தங்கைகளை விட்டுப்போனார் என்று வாதிடுவோர் உண்டு. அது நியாயமான வாதம் அன்று என்பதே நம் எண்ணம். 1938 ஜூனில் கொலைமுகாம்கள் இன்னும் எழவில்லை. முதிய பெண்களுக்கு ஆபத்து நேராது என்று நம்பியவர்கள் பலர். ஆயினும் உறுத்துகிறது. தம்பியரும் திரௌபதியும் ஒருவர்பின் ஒருவராக விழத் திரும்பிப் பாராமல் நடந்த தருமன், கூடவந்த நாயை விட்டுத் தேரேற மறுத்தான் என்ற மகாபிரஸ்தானக் காட்சியும் நம்மை இப்படித்தான் உறுத்தியிருக்கிறது.

1939 கோடையில் ஃப்ராய்டின் தாடை அழுகத் தொடங்கியது. அந்த நாற்றம் தாளாமல் லூன் அருகே வர மறுத்து அறையின் மறுகோடியில் ஒடுங்கிக்கொண்டது. செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் அப்போது பரவியிருந்த அறிவுரைப் பிரசுரம் ஒன்று, வளர்ப்புப் பிராணிகளை முன்கூட்டியே கிராமப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள், ஒப்படைக்க யாரும் இல்லையென்றால் கொன்றுவிடுவதே கருணை என்றது. குண்டு ஒன்றும் விழாத அந்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் நாய்களும் பூனைகளும் உரிமையாளர்களின் விருப்பப்படியே கொல்லப்பட்டன. விலங்கு மருத்துவமனை வாசல்களில் வரிசை நீண்டு கிடந்தது. செப்டம்பர் 23 அன்று, அதே நகரில், ஃப்ராய்டு இறந்தார்.