தொடுகையா, மௌனமா?

தாய்லாந்திலும் இலங்கையிலும் பிக்குகளுக்கு ஒரே தேரவாத மரபுதான். ஆனால் மாரடைப்போடு வரும் பிக்குவிடம் பெண் செவிலியர் நெருங்கும் விதம் இரு நாடுகளிலும் ஒன்றல்ல.

தாய்லாந்தில் பெண்கள் பிக்குவின் கையில் எதையும் நேராகக் கொடுப்பதில்லை. அவர் விரிக்கும் துணியின்மேல் வைப்பார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த செவிலியர், ஆண் ஊழியர் பக்கத்தில் இருந்தால் அவரை அழைப்பது இயல்பு. பாங்காக்கில் பிக்குகளுக்கென்றே 1951 முதல் ஒரு மருத்துவமனை இயங்குகிறது. இலங்கையிலும் பிக்குகளுக்குத் தனி வார்டுகள் உண்டு. ஆனால் பெண்களின் மணிக்கட்டில் பிக்குவே பிரித் ஓதிய காப்பு நூலைக் கட்டும் நாடு அது. “ஹாமுதுருவனே” என்று மரியாதையாக அழைத்துக் கும்பிட்டுவிட்டுத் தாதி நாடி பார்ப்பதில் அங்கே பெரிய சங்கடம் இல்லை.

பிக்குகளின் ஒழுக்க விதியான விநயம் பெருங்குற்றமென்பது காமத்தோடு தொடுவதைத்தான். மிச்சம் பெரும்பாலும் ஊர் வழக்கம். ஆனால் நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். பிக்குவின் உடையான சீவரம் மூடுவதோ இடத்தோளை. மார்பில் ஒட்டும் ஆறு முனைகளில் ஐந்து இடப்பக்கம். திரையை இழுத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சீவரத்தை ஒதுக்கினால் போதும். ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கவும் தயங்க வேண்டாம்: நண்பகலுக்குப் பின் விலக்கு உணவுக்குத்தான், மருந்துக்கு அல்ல.

ஆகவே தொடுகையில் இரு நாடுகளும் வேறுபட்டாலும், அதனால் போகும் நேரம் கொஞ்சம்தான். உயிரைக் குடிக்கும் தாமதம் அதற்கு முன்பே, குடிலில் நடக்கிறது என்பேன். முகம் வியர்ப்பதைப் பார்த்துப் பதறும் மனைவி இல்லறத்தானுக்கு உண்டு. தனியே படுத்திருக்கும் முதிய பிக்குவுக்கு யார்? வலியைத் தாங்குவது அவருக்குப் பயிற்சியும்கூட. விநய நூலான மகாவக்கம் நல்ல நோயாளிக்குச் சொல்லும் ஐந்து குணங்களில் வலி பொறுத்தல் ஒன்று. நோய் கூடுகிறதா, குறைகிறதா என்பதைப் பராமரிப்பவரிடம் உள்ளபடி சொல்வதும் அதே பட்டியலில் இருக்கிறது. இரண்டாவதை இரு நாட்டிலும் மறந்துவிடுகிறார்கள்.

செவிலியர் “வலிக்கிறதா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்க வேண்டும். விகாரையில் கூட இருப்பவர்கள் பிக்கு சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள்.