வருகையை முன்கூட்டிச் சொல்வது யாருக்காக?

ஊட்டியிலோ புதுச்சேரியிலோ இரண்டு நாள் தங்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பவர், ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் வீட்டுக்காரரோடு பத்துச் செய்தியாவது பேசி முடித்திருப்பார். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, காரிலா பஸ்ஸிலா, அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்ப முடியுமா, சாவி எதிர்வீட்டில் இருக்கும், கீசர் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று அது நீளும். இந்தப் பேச்சுக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். விருந்தோம்பலின் இன்றைய வடிவம் என்பது ஒன்று. செல்போன் வந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்பது மற்றொன்று. தங்குமிடங்களின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டும் போதவில்லை. காலியாகக் கிடக்கும் அறையால் வரும் நஷ்டத்தையும், முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடுவதால் வரும் பயத்தையும் யார் சுமக்கிறார்களோ, அவர்கள்தான் முன்தகவல் கேட்டிருக்கிறார்கள். அரசனும் சர்க்காரும் சுமந்தவரை அந்தக் கேள்வி எழவே இல்லை. சுமை ஒரு குடும்பத்தின் தலையில் இறங்கியபோதுதான் அது எழுந்தது.

சுமையை அரசு ஏற்றதற்குத் தஞ்சையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகும் சாலையில் தம் முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்களும் அவற்றுக்கு விடப்பட்ட மானியங்களும் தம் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதற்காகச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு உண்டு. நடக்க முடியாமல் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு. குழந்தைகளுக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பேறுகாலக் கவனிப்பு, வழியில் இறந்தவருக்கு ஈமக்கடன் என்று பட்டியல் போகிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லி அழைப்பார்கள் என்றும் எழுதுகிறார். அந்த மணியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். யார் வருகிறார்கள் என்று தெரிந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை. வருபவரின் பெயரும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய ஏற்பாடு அது. இரவில் இருபது பேர் வந்தாலும் ஒருவருமே வராமல் சோறு மீந்தாலும் அந்தச் செலவை ஏற்றது சத்திரத்துக்கு எழுதிவைத்த கிராமங்களின் வருவாய். வருகையை முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் சத்திரத்து மணியக்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அந்தக் காலத்துப் பயணத்தில் முன்தகவலே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது எதிர்த்திசையில் ஓடியது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஏனுகுல வீராசாமி, 1830இல் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பினார். வழிநெடுக அவர் தெலுங்கில் எழுதிய குறிப்புகளில், எந்த ஊரில் இறங்க இடம் இருக்கிறது, எங்கே மளிகை கிடைக்கும், எங்கே தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் ஊர் ஊராகப் பதிவாகின. முன்பு போனவர் பின்னால் வருபவருக்குச் சொல்லும் தகவல் இது. தங்க இடம் தருபவர் இதில் பேசவே இல்லை, பேச வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அதற்காக அந்தப் பழைய ஏற்பாட்டைக் கள்ளங்கபடமற்றதாகக் காட்டிவிடக் கூடாது. சாதி பார்த்து இடம் ஒதுக்கிய சத்திரங்களும், ஒரு சாராருக்கு மட்டுமே திறந்த சத்திரங்களும் நாடெங்கும் இருந்தன. ‘நீ யார்’ என்ற கேள்வி அன்றும் இருந்தது. அதை வாசலில் வைத்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வி வாசலிலிருந்து நகர்ந்து, ஆள் புறப்படுவதற்கு முன்பே அவரை எட்டிய கதைதான் இனி வருவது.

தொழில்நுட்பம்தான் காரணம் என்பவர்களுக்குக் தபால் இலாகா ஏற்பாட்டில் நடந்த கம்பெனி காலத்து டாக் பயணம் நல்ல பதில். பல்லக்கில் நெடுந்தூரம் போக நினைத்த துரை, சில நாள் முன்பே போஸ்ட்மாஸ்டருக்கு எழுதிக் கேட்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம், எந்த வழி என்று சொல்லிப் பணத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஏறக்குறைய பத்து மைலுக்கு ஒரு முறை புதிய ஆட்கள் தோள்மாற்றக் காத்திருப்பார்கள்: பல்லக்குக்கு எட்டுப் பேர், தீவட்டிக்கு ஒருவர், மூட்டைக்கு ஓரிருவர். துரை சொன்ன நேரத்துக்கு வராமல் அவர்களைக் காக்க வைத்தால் அதற்கும் கட்டணம் உண்டு. அந்தத் தொகைக்கு ஈடாக ஒரு வைப்புப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதே சாலையில், அதே துரை இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிய டாக் பங்களாவுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கு அறை. 24 மணி நேரம் தங்கியாகிவிட்டால், அடுத்து வருபவருக்கு இடமில்லாதபோது எழுந்து வழிவிட வேண்டும். பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் அங்கே கிடக்கும் புத்தகத்தில் வந்த பிறகு எழுதினால் போதும். முன்தகவல் இல்லாததன் விளைவு சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது. பல்லக்கைக் கண்ட பிறகுதான் பங்களாச் சமையல்காரரான கான்சாமா முற்றத்தில் கோழியைத் துரத்துவார். ஓடிக்கொண்டிருந்த கோழி சற்று நேரத்தில் வறுவலாக மேசைக்கு வரும். ஆங்கிலேயர் அந்தக் கறிக்கு ‘திடீர் மரணம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஆக, தபால் இருந்தது, எழுதும் பழக்கமும் இருந்தது. எழுதுகிறவரே தபால் இலாகாவின் வாடிக்கையாளர். இருந்தும் ஆட்களுக்குத் தகவல் போனது, அறைக்குப் போகவில்லை. காத்திருக்கும் ஆளுக்குக் கூலி ஓடும். காலியாக இருக்கும் பங்களாவோ சர்க்கார் செலவு, அதனால் யாருக்கும் தனியாக நஷ்டம் இல்லை. நஷ்டம் எங்கே இருந்ததோ அங்கேதான் கடிதம் பிறந்தது. தொழில்நுட்பம் வழியைத் திறந்துவிடும், உண்மைதான். அந்த வழியில் யார் நடக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது பணம்.

அறைக்கே கடிதம் எழுத வேண்டிய நிலை எங்கே வந்தது என்று பார்க்க இங்கிலாந்தின் கடற்கரைக்குப் போக வேண்டும். பிளாக்பூலுக்கு 1846இல் ரயில் வந்தது. லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் கோடையில் ஊருக்கொரு வாரம் என்று முறைவைத்து ஆலைகளை மூடின. அந்த ஒரு வாரத்துக்காக ஆண்டு முழுவதும் சிறுகச் சேர்த்த தொழிலாளர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போயின. அவர்களுக்கு இடம் தந்தவர்கள் அந்த ஊர்ச் சாதாரண வீடுகளில் இருந்த பெண்கள். பலர் அதே ஆலை ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். கோடையின் சில மாதங்களில் கிடைக்கும் வருமானத்தைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் வாடகையும் வரியும் கட்டியாக வேண்டும். ஒரு வாரம் ஒரு கட்டில் காலியாக இருந்தாலும் அந்தக் குடும்பத்தின் குளிர்காலம் இடிக்கும். ஆகவே பேச்சு முன்கூட்டியே நடந்தது. இங்கிலாந்தில் 1840இலிருந்து ஒரு பென்னிக்குக் கடிதமும், 1870இலிருந்து அரைப் பென்னிக்குத் தபால் அட்டையும் போயின. எந்த வாரம், எத்தனை கட்டில், எத்தனை பிள்ளைகள் என்பது அந்த அட்டைக்குள் அடங்கிவிடும். அதைவிடச் சிக்கனமான வழியும் இருந்தது. இந்த ஆண்டு கிளம்பும்போதே அடுத்த ஆண்டு அதே வாரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள்.

பிளாக்பூல் முறையில் விருந்தினர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் தாங்களே வாங்கிவர, வீட்டுக்காரம்மா சமைத்துத் தருவார். ஒரே அடுப்பில் நாலைந்து குடும்பத்துச் சமையல் நடக்கும். யாருடையது எது என்று பிரித்து வைக்க வேண்டும். மேசையில் வைக்கும் உப்புக்கும் மிளகுக்கும் வினிகருக்கும் தனிக் காசு வாங்குவார்கள் என்று கேலி பேசுவது ஆங்கிலேய நகைச்சுவையில் நெடுங்காலம் நிலைத்தது. இவ்வளவு நெருக்கத்தில் வாழ வேண்டிய வீட்டில், வருபவர் எப்படிப்பட்டவர் என்பதும் கட்டில் கணக்கைப் போலவே முக்கியம். குடிப்பவரா, வாடகையைத் தராமல் ஓடுபவரா என்று கேட்க அட்டையில் இடம் இல்லை. அதற்குப் பதில் தந்தது ஊர்ப் பழக்கம். ஒரு வீட்டுக்கு ஒரே ஆலை ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்தினார்கள். முன்தகவலின் இரண்டு வேலைகளும் இங்கே தனித்தனியாகத் தெரிகின்றன: கட்டிலைக் காலியாகக் கிடக்காமல் காப்பது ஒன்று, ஆளை எடைபோடுவது மற்றொன்று.

பெரிய ஓட்டல்கள் முதல் வேலையோடு நிறுத்திக்கொண்டன. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் ஐரோப்பிய ஓட்டல்களுக்கென்று ஒரு குறிச்சொல் பட்டியலே இருந்தது. பயணக் கையேடுகளில் அச்சிட்டிருப்பார்கள். ‘ஆல்பா’ என்றால் ஒரு கட்டிலோடு ஓர் அறை, ‘அராப்’ என்றால் இரண்டு கட்டிலோடு ஓர் அறை, ‘பாஸ்’ என்றால் ஓர் இரவு மட்டும், ‘ஸ்டாப்’ என்றால் பல நாள். வருபவரின் குணத்தையோ குலத்தையோ கேட்கும் சொல்லுக்கு அந்தப் பட்டியலில் வேலை இல்லை. நூறு அறை வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு மோசமான விருந்தாளி சமாளிக்கக்கூடிய நஷ்டம். ஓர் அறை வைத்திருப்பவருக்கு அவரே முழு நஷ்டம். அதனால்தான் வீடு சிறுக்கச் சிறுக்கக் கேள்வி ஆளைப் பற்றியதாக மாறியது.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. கறுப்பர்களுக்கு இடம் மறுத்த ஓட்டல்கள் நிறைந்த நாட்டில், நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்கினார். கறுப்பர்கள் தயங்காமல் தங்கக்கூடிய ஓட்டல்களும், பயணிகளுக்கு அறை விடும் தனிவீடுகளும் முகவரியோடு அதில் வந்தன. வீராசாமியின் குறிப்புகள் செய்த வேலையை, அதைவிடக் கசப்பான காரணத்துக்காக, அந்த நூல் செய்தது. 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் தங்குமிடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதும், உரிமையாளர் தாமே குடியிருக்கிற, ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத வீட்டுக்கு விலக்கு அளித்தது. சொந்த வீட்டுக்குள் யாரை விடுவது என்பது அவரவர் விருப்பம் என்று சட்டமே ஒதுங்கிக்கொண்ட இடம் அது.

அந்த ஒதுக்குப்புறத்தை உலகச் சந்தையாக்கியது இணையம். 2007 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டின்போது ஓட்டல்கள் நிரம்பியிருக்க, பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு வாடகைக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டு நேதன் பிளெசார்சிக்கோடு சேர்ந்து அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் ஏர்பிஎன்பி. அறிமுகம் சொல்ல ஆலை ஊர் இல்லாத இடத்தில், முகம் காட்டும் படமும் பெயரும் நாலு வரி முன்பேச்சும் அந்த இடத்தை நிரப்பின. பிறகு மூன்று ஆய்வாளர்கள், ஹார்வர்டைச் சேர்ந்த எடல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி, ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு ஒரே மாதிரிக் கோரிக்கையை அனுப்பிப் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு நூற்றுக்கு 50 சம்மதம் கிடைத்தது. கறுப்பர் பெயராகத் தோன்றியவற்றுக்கு 42. 2017இல் அந்த ஆய்வு ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினர் படத்தை வீட்டுக்காரர் பார்க்கலாம் என்று நிறுவனம் விதியை மாற்றியது. சத்திரத்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் காரணம் தெரியும், பார்த்தவர்களும் இருப்பார்கள். ‘மன்னிக்கவும், அன்றைக்கு இடமில்லை’ என்ற செய்தியைப் பெற்றவருக்கு இரண்டும் இல்லை. அந்த மறுப்பின் உண்மையைக் கண்டறிய ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஒப்பிட வேண்டியிருந்தது.

ஆளை எடைபோடும் முன்பேச்சைக் குறை சொல்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தனியாக வசிக்கும் ஒரு பெண் தன் மாடியறையை வாடகைக்கு விடும்போது, வருபவர் யார் என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கச் சொல்வது நியாயமா? நியாயம் இல்லை. அவர் பயம் உண்மையானது. ஆனால் பெயரும் முகமும் பேச்சு நடையும் அந்தப் பயத்துக்கு மருந்தாகாது. அவை பழைய எண்ணங்களுக்குத் தீனி போடும், திருடனை அடையாளம் காட்டா. தெரியாத ஆளை உள்ளே விடும் பயம் பழைய நாளில் அரசனும் சர்க்காரும் சுமந்த சுமை. இன்றைக்குத் தரகுக் கட்டணம் வாங்கும் இணையத் தளமும், பதிவேடு கேட்கும் சட்டமும் அதைச் சுமக்கலாம். இந்தியாவில் வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்ற விதி அந்த வகையைச் சேர்ந்தது: அது எல்லா வெளிநாட்டாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும், வீட்டுக்காரரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடம் குறைவு.

நஷ்டத்துக்கு ஈடு பேசித் தீர்ப்பதில் டாக் காலத்துப் போஸ்ட்மாஸ்டர் இன்றைய வீட்டுக்காரரைவிடத் தெளிவாக இருந்தார். நாள், நேரம், வழி மூன்றையும் கேட்டார், தாமதத்துக்கு முன்பணம் வாங்கினார், அதோடு விட்டார். முன்பேச்சில் வீட்டுக்காரர் கேட்க உரிமையுள்ளவை அவ்வளவுதான்: எப்போது வருகிறீர்கள், எத்தனை பேர், வராவிட்டால் பணம் என்ன ஆகும். அதைத் தாண்டி அடையாளம் பார்க்க வேண்டியிருந்தால் அது தளத்தின் பொறுப்பு, பதில் சொல்ல வேண்டியதும் தளம். வீட்டுக்காரர் மட்டும் பார்த்து, வீட்டுக்காரரே தீர்ப்புச் சொல்லும்வரை, புறப்படும் முன் கேட்கப்படும் நட்பான கேள்விகளுக்குள் பழைய வாசல் விசாரணை தொடர்ந்துகொண்டே இருக்கும்.